காப்புரிமையும் அட்டை பார்க்கிற நேரமும்

இதை எழுத அக்காவிடம் சம்மதம் வாங்குவதே பெரும்பாடாகிவிட்டது. "எழுதிக்க. ஆனா ஒரு பேரு வரக்கூடாது. தோட்டத்துப் பேரும் வரக்கூடாது" என்றாள். சரி, இலங்கை மலைநாட்டில் றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரத்தில் எத்தனையோ தோட்டம் இருக்கிறது, அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கொழுந்தெடுக்கிற பெண்களுக்குப் பின்னால் நின்று மேற்பார்வை பார்த்த கங்காணி இப்போது வேலையை விட்டு ஓய்ந்துவிட்டார். அவர்கள் கொழுந்தெடுத்த மலையையும் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். தேயிலைக் காட்டில் ஒவ்வொரு துண்டையும் நாங்கள் மலை என்றுதான் சொல்வோம். இனி யாருக்கும் கெடுதல் வராது என்று நன்றாக யோசித்துப் பார்த்த பிறகுதான் அக்கா தலையாட்டினாள்.

நான் அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். ஹட்டனில் படித்து, பேராதனைப் பக்கம் போய்ப் படித்து, புலமைப்பரிசில் கிடைத்து நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு இரசாயன ஆராய்ச்சிக்குப் போனேன். இதைச் சொன்னவுடன் சிலர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு என் கஷ்டத்தைக் கேட்கத் தயாராவார்கள். எனக்குக் கெட்டிக்காரத்தனம் இருந்தது, படித்தேன், போனேன். கண்ணீர் வேண்டுமானால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்வேன்.

அங்கே என் வேலை ஒரு பூச்சு. நோயாளிகளின் உடம்புக்குள் விடுகிற மெல்லிய குழாய்களில் நாளாக ஆக ஒரு வழுவழுப்பு படியும், அதில் கிருமி குடியேறும். எதுவுமே ஒட்டிப் பிடிக்க முடியாத ஒரு பூச்சைக் குழாயில் பூசிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பல மாதம் தோற்று, பிறகு ஒரு கலவை சரியாக வந்தது. கூட வேலை செய்தவர்கள் கிருமியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது காலில் ஏறி ரத்தம் குடிக்கிற அட்டை. றொசல்லப் பக்கம் மழையில் வளர்ந்த எவளுக்கும் அதுதான் ஞாபகம் வரும். அட்டையும் வாயை வைத்து ஒட்டிப் பிடித்துத்தானே ஏறுகிறது? இந்தப் பூச்சுள்ள துணியைக் காலில் கட்டினால் அது எப்படி ஏறும்? ஆய்வுகூடத்தில் சொன்னேன், சிரித்தார்கள். என் பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. அதையும் விண்ணப்பத்தில் சேர்ப்போம், ஆனால் சோதித்துப் பார்த்த ஆதாரம் வேண்டும் என்றார்.

விண்ணப்பம் என்றது காப்புரிமை விண்ணப்பம். அந்தப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகம் என்று ஒன்று இருந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடிப்பதைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் காப்புரிமையாகப் பதிந்து, அதைப் பொருளாகச் செய்யக்கூடிய ஒரு கம்பனிக்கு உரிமம் கொடுப்பது அவர்கள் வேலை. கண்டுபிடித்தவள் என்று என் பெயர் இருக்கும், சொத்து பல்கலைக்கழகத்துடையது. என் பூச்சைக் கவனித்த அதிகாரி ஒரு நெட்டை மனிதர். சைக்கிளில் வருவார், எப்போதும் ஆப்பிள் கடித்துக்கொண்டே பேசுவார். குழாய் செய்கிற ஒரு கம்பனியை அவர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்.

எங்கள் ஊர் அட்டை அந்த ஊரில் இல்லை. மருந்துக் கடையில் வாங்கக்கூடியது தண்ணீரில் கிடக்கிற ஜாதி. நம்முடையது புல் நுனியில் எழுந்து நின்று ஆள் வருகிறதா என்று தேடுகிற ஜாதி. ஆகவே விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பூச்சுப் பூசிய துணி ஒரு சுருள் கொண்டுபோகிறேன் என்றேன். நெட்டை மனிதர் ஆப்பிளைக் கீழே வைத்தார். அது அபூர்வம்.

"விண்ணப்பம் போடும் முன் வெளியாள் ஒருவர் கையில் அது போய்விட்டால் அவ்வளவுதான்" என்றார். "வெளியான பிறகு பதிந்துகொள்ள ஐரோப்பாவில் மன்னிப்புக் காலம் கிடையாது. உலகத்தில் எந்த மூலையில் நடந்தாலும் சரி, அது புதியது இல்லை என்று ஆகிவிடும். ரகசியம் காப்பதாக ஒத்துக்கொண்ட ஆளிடம் மட்டும் கொடுங்கள்."

"என் அக்காவிடம் மட்டும்தான் கொடுப்பேன்" என்றேன்.

அவருக்கு லயம் என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்திருந்தால் என்னை விமானத்தில் ஏற விட்டிருக்க மாட்டார். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கிற எங்கள் ஒற்றை அறைக் காம்பராக்களுக்கு நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது. இந்தக் கோடிக் காம்பராவில் தும்மினால் அந்தக் கோடியிலிருந்து "நூறு வயசு" என்று குரல் வரும்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். கொழுந்தெடுக்கிறவள், சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசுகிறவள், என்னைப் போலவே வாய்க்காரி. அவள் துணியைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள். மழைக்காலம், மலையில் கால் வைத்தால் அட்டை.

"நானே கட்டிக்கிட்டு மலையில நடந்து பாக்குறேன்" என்றேன்.

"நீயா? நீ மலைக்கு வந்தா திருவிழா மாதிரி ஊரே பாக்க வரும். எங்கிட்ட குடு. சேலைக்குக் கீழ, படங்குக்கு உள்ள கட்டிக்கிறேன். ஒருத்தருக்கும் தெரியாது." படங்கு என்பது கொழுந்தெடுக்கும்போது இடுப்பிலிருந்து கணுக்கால் வரை சுற்றிக்கொள்கிற முரட்டுத் துணி.

யாரிடமும் சொல்லக்கூடாது, காட்டக்கூடாது, கொடுக்கக்கூடாது என்று மூன்று முறை சொன்னேன். "சரிடி, சரிடி" என்றாள். சுருளை அவளிடம் விட்டுவிட்டு, கூடப் படித்த ஒருத்தியின் கல்யாணத்துக்கு நுவரெலியாவுக்குப் போனேன். சில நாள் அங்கேயே தங்கிவிட்டேன். திரும்பி வந்தபோது மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, அக்கா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுகூட ஏறலடி! ஏறப் பாத்துச்சு, வழுக்கி வழுக்கி விழுந்துச்சு. நானே குனிஞ்சு நின்னு பாத்தேன், பாவமா இருந்துச்சு" என்று சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்படியிலேயே அவளைக் கட்டிக்கொண்டேன். பிறகு துணியைக் கேட்டேன், அளந்து வைக்க வேண்டும். அவள் கட்டியிருந்த இரண்டு துண்டைக் கொண்டுவந்தாள். இரண்டும் பாதி அகலம்தான் இருந்தன.

"மீதி?"

"மலையில இருக்கு."

"மலையில எங்க?"

"கால்ல" என்றாள், ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி.

அவளோடு வேலை செய்கிற பெண்களின் கால்களில் இருந்தது. அக்காவோடு சேர்த்துப் பத்துப் பேர். முதல் நாளே அவள் காலில் ரத்தம் இல்லாததைப் பக்கத்து நிரையில், அடுத்த செடி வரிசையில், நின்றவள் கண்டுவிட்டாள். தேத்தண்ணி நேரத்தில் எல்லார் டப்பாவையும் நடுவில் திறந்து வைத்து ஆளுக்கு ஒரு கை எடுத்துச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். ஒருத்தி வீட்டுக் கருவாட்டுக் குழம்பு பத்துப் பேர் வயிற்றுக்கும் போகும். அப்படிப்பட்ட இடத்தில் அக்கா தனியாக ஒரு துணியைக் கட்டிக்கொண்டு நிற்பாளா? கத்தரிக்கோலைக் கொண்டுபோய்ச் சுருளையே வெட்டிப் பங்கு வைத்துவிட்டாள்.

"ஒண்ணா நிரை போடுற எடத்துல ஒருத்தி மட்டும் கடிபடாம இருந்தா நல்லாவாடி இருக்கும்?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. மூன்று வருட வேலையைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாய் என்று கத்தினேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று கத்தினேன். பக்கத்துக் காம்பராவில் பேச்சுச் சத்தம் நின்று எல்லாரும் காது கொடுக்கிறார்கள் என்று தெரிந்து, பிறகு மெதுவாகக் கத்தினேன். அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அவள் செய்தது பிழைதான், அதை இன்றைக்கும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மறுநாள் மதியம், அங்கே அலுவலகம் திறக்கிற நேரம் பார்த்து, றொசல்ல ஸ்டேஷன் மேடைக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் அதுதான். மறைத்துவிடலாம் என்று நினைக்காமல் இல்லை. ஆனால் யாருக்கும் வெளியிடவில்லை என்று கம்பனியின் ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். பொய்க்குக் கையெழுத்துப் போடுகிற ஆள் நான் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

நெட்டை மனிதர் குறுக்கிடாமல் கேட்டார். ஆப்பிள் கடிக்கிற சத்தமும் இல்லை.

"துணியைக் கொடுக்கும் முன் அவர்கள் ரகசியம் காப்பதாக ஒத்துக்கொண்டார்களா?" என்று கேட்டார். "பத்துப் பேர் என்பது பிரச்சினை இல்லை. நூறு பேர் என்றாலும் பிரச்சினை இல்லை. அவர்கள் வாக்குக் கொடுத்தவர்களா, இல்லையா? அதுதான் கேள்வி. கொடுக்கவில்லை என்றால் நாம் கடையை மூடிவிடலாம்."

கடையை மூட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அக்கா வேலை முடிந்து வந்து பீலியில் விழுகிற தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். நேற்றுத் திட்டியதற்கு அவள் என்னோடு பேசாமல் இருந்தாள், நானும் வீம்பாகத்தான் இருந்தேன். கேட்டே ஆகவேண்டியிருந்ததால் கேட்டேன்.

"குடுக்கும்போது அவங்ககிட்ட வெளிய சொல்லக்கூடாதுன்னாவது சொன்னியா?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சொல்றதா? கற்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்கிட்டுத்தான்டி கத்தரிக்கோலையே எடுத்தேன். மலைமேட்டுல முனியாண்டி கல்லு இருக்குல்ல, அங்க. அந்தோணியார் கும்புடுற ரெண்டு பேரு செபமாலைய தொட்டுச் சத்தியம் பண்ணாங்க. புருசன்கிட்ட சொன்னாலும் சாமி கேக்கும்னு சொல்லித்தான் குடுத்தேன். நேத்து நீ கத்துன கத்துல எங்க வாயத் தொறக்க விட்ட?"

எனக்காகவா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "ஒனக்காகவும்தான்" என்றாள். அந்த 'உம்' என்னவென்று பிறகுதான் சொன்னாள்.

மலையில் வேலை செய்யும்போது நினைத்த நேரத்தில் நிற்க முடியாது. பின்னால் கங்காணி நிற்பார், நிரை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரே ஒரு விலக்கு இருந்தது. "அட்டை!" என்று ஒருத்தி குரல் கொடுத்தால் அவளும் பக்கத்தில் நிற்கிறவர்களும் பையை இறக்கி வைக்கலாம். சேலையைத் தூக்கிப் பார்க்க வேண்டிய வேலை என்பதால் கங்காணி மரியாதைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில்தான் முதுகை நிமிர்த்துவார்கள், ஒரு வாய் தண்ணீர் குடிப்பார்கள், வெற்றிலை மடிப்பார்கள், பிள்ளை பள்ளிக்கூடம் போனதா என்று போன் போட்டுக் கேட்பார்கள். கேட்டால் கிடைக்காத நேரத்தை அட்டை வாங்கிக் கொடுத்தது. அட்டையே ஏறுவதில்லை என்று மேலே தெரிந்துவிட்டால் அந்த நேரம் போய்விடும். அதனால்தான் பத்துப் பேரும் சத்தியத்துக்காக மட்டும் இல்லாமல் தங்களுக்காகவும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். கால் சுத்தமாக இருந்தது, "அட்டை!" என்ற குரல் மட்டும் வழக்கம் போல வந்துகொண்டிருந்தது.

ஸ்டேஷனுக்குத் திரும்பவும் ஓடினேன். நெட்டை மனிதரிடம் கற்பூரத்தை விளக்குவது கொஞ்சம் சிரமமாக இருந்தது. மீறினால் தண்டிக்கக்கூடிய ஒரு சாட்சியின் முன்னால் கொடுத்த வாக்கு என்றேன். அந்தச் சாட்சி நீதிமன்றத்துக்கு வருவாரா என்றார். அவர் கல், மழையிலும் அங்கேயேதான் இருப்பார் என்றேன். மனிதர் சிரித்துவிட்டார். பிறகு காப்புரிமை வழக்கறிஞரிடம் கேட்டுச் சொன்னார்: வாக்கு வாக்குத்தான், எந்த முறையில் கொடுத்தாலும் செல்லும். ஆனால் நாளைக்கு யாராவது எதிர்த்தால் காட்ட ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு பெண்ணும் ஒரு சட்டத்தரணி, அதாவது வக்கீல், முன்னால் சத்தியக் கடதாசி எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் எங்கள் காம்பராவுக்குக் கூப்பிட்டோம். வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டு நான் விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் கங்காணியின் மனைவி முதலில் பேசினாள். ஆமாம், அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி கங்காணியின் மனைவிதான்.

"ரகசியத்தக் காப்பாத்தினோம்னு சொல்றதுக்கு ரகசியத்த எழுதிக் குடுக்கணுமா தங்கச்சி? கடதாசி எங்கெல்லாம் போகும்னு யாருக்குத் தெரியும்?"

மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஏன் ரகசியமாக வைத்தோம் என்று எழுதத் தேவையில்லை, வைத்தோம் என்று மட்டும் எழுதினால் போதும் என்றேன். சிலர் இளகினார்கள். அப்போது அக்கா கேட்டாள். "அது இருக்கட்டும். அந்தக் கம்பனி இத வச்சு என்னா செய்யப் போவுது?"

குழாய் செய்யும் என்றேன். துணியும் செய்யும் என்றேன். கம்பனிக்காகத் தயாரித்திருந்த சுருக்கம் என் போனில் இருந்தது, அதைத் தமிழில் சொன்னேன். அதில் ஒரு வரி: தோட்டத் தொழிலாளர்கள் அட்டையை அகற்றுவதில் வீணாக்கும் நேரத்தை இந்தத் துணி மிச்சப்படுத்தும். அந்த வரியை எழுதியது நான் இல்லை. நல்ல வரி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அக்கா என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கு மிச்சம்?" என்றாள் அக்கா.

தோட்டத்துக்குத்தான் மிச்சம், அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அக்கா எழுந்து நின்றாள். சங்கக் கூட்டத்தில் நிற்கிற மாதிரியே நின்றாள். "நாங்க கையெழுத்துப் போடலேன்னா ஒன் பேட்டன்ட் இல்ல. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அப்ப ஒங்க ஆபீஸ்காரர்கிட்ட சொல்லு. ஒடம்புக்குள்ள போற குழாய அவங்க செஞ்சுக்கட்டும், நல்லா இருக்கட்டும். கால்ல கட்டுற துணி மலைக்கு வரணும்னா எங்க கையாலதான் வரணும். அத எந்தத் தோட்டத்துத் துரைகிட்டயும் நேரத்த மிச்சம் புடிக்குதுன்னு சொல்லி விக்கக்கூடாது. இதுக்கு ஒத்துக்கிட்டா நாங்க ஹட்டனுக்கு வந்து கையெழுத்துப் போடுறோம். இல்லேன்னா அவங்கவங்க வேலையப் பாத்துக்கிட்டுப் போவோம்."

அவளைப் பார்த்து எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், மறு பக்கம் பெருமை. பேரம் பேச எனக்கு யாரும் பல்கலைக்கழகத்தில் கற்றுத் தரவில்லை, எங்கள் வீட்டில் அது ரத்தத்திலேயே இருந்தது. என் மூன்று வருட வேலை அவர்கள் பத்துப் பேர் கையில் இருந்தது. நான் கெஞ்சியிருந்தால் அக்கா இறங்கி வந்திருப்பாள், அது எனக்குத் தெரியும். கெஞ்ச எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கேட்டது நியாயம்.

நெட்டை மனிதரிடம் அன்றைக்கு நான் பேசியது வேண்டுகோள் இல்லை. உரிமத்தை உபயோகம் வாரியாகப் பிரிக்கலாம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். ஒரே கண்டுபிடிப்பில் குழாய்க்கு ஒருவர், பெயின்ட்டுக்கு ஒருவர் என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். அதையே அவரிடம் திருப்பினேன். குழாய் கம்பனிக்கு. வயலிலும் தோட்டத்திலும் உடுத்துகிற துணி கம்பனிக்குக் கிடையாது. அது அக்காவும் மற்றவர்களும் இருக்கிற எங்கள் தோட்டத்து மாதர் சங்கத்துக்கு, இலவசமாக. அந்த வரியையும் எடுத்துவிட வேண்டும்.

"கம்பனி எல்லாவற்றையும் கேட்கும்" என்றார்.

"அப்படியானால் அவர்கள் வேறு பத்துப் பேரைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும்" என்றேன்.

சில நாள் பதில் இல்லை. நான் மேடையில் பெஞ்சுக்கும் தண்டவாளத்துக்கும் நடந்துகொண்டே இருப்பேன், நானுஓயா ரயில் போகும், கொழும்பு ரயில் போகும், போன் அடிக்காது. தைரியமாகப் பேசிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். வேலை போனால் போகட்டும், அக்காவைக் குற்றம் சொல்லிக்கொண்டே வாழ்நாள் முழுக்க இருந்துவிடுவேனோ என்பதுதான் பெரிய பயம். ஒரு மதியம் அடித்தது. ஆப்பிள் கடிக்கிற சத்தம் கேட்டவுடனே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கம்பனிக்கு உண்மையில் வேண்டியிருந்தது குழாய் மட்டும்தான், துணியைப் பற்றி அவர்களுக்குக் கவலையே இல்லை என்றார். நான் மேடையிலேயே ஒரு குதி குதித்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் எட்டிப் பார்த்து சிங்களத்தில் என்ன மகள், கல்யாணமா என்றார். அதைவிடப் பெரிய விஷயம் என்றேன்.

ஹட்டனில் சட்டத்தரணி ஒரு இளம் பெண், அவளும் நோர்வூட் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பத்துப் பேரும் நல்ல சேலை கட்டி, பூ வைத்து, ரயிலில் வந்தார்கள். கல்யாண வீட்டுக்குப் போவதாக லயத்தில் சொல்லியிருந்தார்கள். கடதாசி வெளியே போகாது, வாயைத் திறந்தால் தன் தொழிலே போய்விடும் என்று சட்டத்தரணி எவ்வளவோ சொன்னாள். அக்கா கேட்டுவிட்டு மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ஒரு சோசரில் வைத்துக் கொளுத்தி அவளும் சத்தியம் செய்தாள். அறை முழுக்கப் புகை, கிளார்க் ஓடிவந்து ஜன்னலைத் திறந்தான்.

"துணி வச்சிருக்கிற ஆளுங்க எல்லாரும் இவ்வளவுதானா?" என்று சட்டத்தரணி கேட்டாள்.

"துணி வச்சிருக்கிறவங்க எல்லாம் இங்கதான் நிக்கிறோம்" என்றாள் கங்காணியின் மனைவி. ஒவ்வொருத்தியாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் வடையும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தேன். அதிலும் என்னுடைய வடையைப் பிய்த்து மூன்று பேர் எடுத்துக்கொண்டார்கள்.

நான் திரும்பிப் போன பின் விண்ணப்பம் போனது. அதை இதுவரை யாரும் எதிர்க்கவில்லை. குழாய் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. பூச்சுக் கலவையை நான் அனுப்பினேன். றொசல்ல ரோட்டோரம் ஒரு அறையில் மாதர் சங்கத்துப் பெண்கள் துணியில் பூசி, வெட்டி, தைத்தார்கள். கடையில் தொங்கவிடவில்லை, போர்டு வைக்கவில்லை. கை மாறிக் கை மாறியே அது பக்கத்துத் தோட்டங்களுக்கும் போனது. போன ஒவ்வொரு இடத்துக்கும் கூடவே கற்பூரமும் போனதாம்.

அடுத்த மழைக்காலத்தில் வந்தபோது அக்காவோடு மலைக்குப் போனேன். ஊரே பார்க்க வரும் என்றாளே, ஒருத்தரும் வரவில்லை. கண்டுபிடித்தவள் என்ற மிதப்பில் வெறும் செருப்போடு போய் நிரைக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா திரும்பி என் காலைப் பார்த்தாள்.

"அட்டை!" என்று கத்தினாள். அன்றைக்கு அது பொய் இல்லை. பெருவிரலுக்கு மேலே கொழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மலையிலேயே கடிபட்டவள் நான் ஒருத்திதான். பத்துப் பேரும் பையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒருத்தி உப்பு எடுத்துவந்தாள், ஒருத்தி தண்ணீர் குடித்தாள், ஒருத்தி போனை எடுத்தாள்.

கங்காணி வழக்கம் போல முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் தரையோடு தரையாகக் குனிந்து உப்பை வைத்துக்கொண்டிருந்தேன். மழைக்கு அவர் காற்சட்டையை ஒரு மடிப்பு மடித்துவிட்டிருந்தார். அதற்குக் கீழே, கணுக்காலில், என் துணி.

அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். "அவருக்கு எப்பத்திலிருந்து தெரியும்?" என்றேன், காதோடு.

"தெரியிறது மொத நாள்ளேருந்தே தெரியும். வீட்டுலயும் மலையிலயும் அத்தன சுத்தமான கால நித்தம் பாக்குறவருக்குத் தெரியாதா? துணி போன மாசம்தான்டி குடுத்தோம், ஒன் கடதாசியில பொய் ஒண்ணும் இல்ல."

முதல் நாளிலிருந்தே. அப்படியானால் அத்தனை நாளும், ஒரு அட்டையும் இல்லாத கால்களுக்காக, மழையில் அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறார். அவரிடம் யாரும் சத்தியம் கேட்கவும் இல்லை. அட்டை எப்போதோ விழுந்துவிட்டது, நான் எழுந்திருக்கவில்லை.

"முடிஞ்சிருச்சாம்மா?" என்று கங்காணி திரும்பாமலே கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். பதில் நான்தான் சொன்னேன்.

"இன்னும் இல்லைங்க. கொஞ்சம் நேரமாகும்."

"ஆகட்டும், ஆகட்டும். பாத்து எடுங்க" என்றார்.